டை கட்டிவிடுகிறவன்

தேர்வு முடிவு வந்த இரவுகளில்
சிம்மக்கல்லில் எங்கள் கடை மூடுவதில்லை.
மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே
போனில் தாளாளரின் குரல்:
"நடுவுல இருக்கற பையன இன்னும் பெருசாக்குங்க, சசிவர்ணம்.
கீழ இருக்கறதுகள நெருக்கிப் போட்டா எடம் வரும்."

நெருக்கிப் போட்டேன்.
பன்னிரண்டு முகம், பத்துக்கு இருபது அடி.
பரீட்சை எழுதியவர்கள் முந்நூற்று எண்பத்தாறு.
மிச்சப் பேரை நான் கேட்டதில்லை.
கேட்டால் பேனர் பைபாஸைத் தாண்டிப்
பரவை வரை போகும்.

நடுவில் இருக்கிறவன்
செக்கானூரணிப் பக்கம், ஒச்சப்பன் மகன்.
வாட்ஸப்பில் வந்த படத்தில் கட்டம் போட்ட சட்டை,
பின்னால் ஒரு சைக்கிள் பம்பு.
பம்பை அழித்தேன். சட்டையை அழித்தேன்.
போன வருஷத்துப் பையனிடமிருந்து
கோட்டையும் நீல டையையும் கழற்றி
இவனுக்கு மாட்டினேன்.
நிறத்தை இரண்டு படி ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன்.
"மொக்கராஜ்னு போட்டா நல்லாவா இருக்கு?
ஓ. எம். ராஜ்னு போடுங்க."
போட்டேன்.
அதற்குக் கீழே ஐஐடி, கரக்பூர்.
எழுத்துக்கு மஞ்சள், ஓரத்துக்குச் சிவப்பு.

மறுநாள் அண்ணா நகர் கோச்சிங் சென்டர் அனுப்பிய கோப்பில்
அதே முகம். டை பச்சையில் வேண்டும்.
அதற்கு மறுநாள், அவன் பத்தாவது வரை படித்த பள்ளி: மெரூன்.
மூன்று சிக்னலில்
மூன்று நிறக் கழுத்தோடு
ஆனி மாதம் முழுக்க நின்றான்.

என் மகள் ஆறாவது. அதே நீல டை பள்ளிதான்.
பேனர் கணக்கை ஃபீஸில் கழித்துக்கொள்வார்கள்.
இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தவனை
எனக்குத் தெரியவில்லை.
திரை முழுக்கப் பெருக்கி வைத்துப்
பரு பருவாய் நான் துடைத்த முகம்.
கறுப்பாய், நனைந்து,
கழுத்தில் ஒன்றுமில்லாமல் வந்தால் எப்படித் தெரியும்?

"பழைய ஃப்ளெக்ஸ் எதுவும் கெடக்காண்ணே?
கொட்டத்துல ஆட்டு மேல ஒழுகுது."

லீவா என்றேன். தீபாவளிக்கு என்றான்.
காலேஜ் எப்படி என்றேன்.
மேசையில் கிடந்த அளவு டேப்பை
இழுத்து இழுத்து விட்டான்.
"அங்க போய்ப் பாத்தா
எல்லாருமே ஏதோ ஒரு பேனர்ல
நடுவுல இருந்தவய்ங்கதாண்ணே.
கோட்டாக்காரன், விஜயவாடாக்காரன், எல்லாம்.
அதுலயும் ஒருத்தன் கடைசியா வரணும்ல."
சிரித்தான்.
ஓரத்தில் தூக்கினாற்போல ஒரு பல்.
அதையும் நான்தான் சமமாக்கியிருந்தேன்.

பரண்மேல் அவன் பேனரே இருந்தது,
காளவாசலில் கார்ப்பரேஷன்காரர்கள் அவிழ்த்துப் போட்டது.
வேறு இருக்கிறதா என்று தேடினேன்.
காதுகுத்து ஒன்று, பாதி கிழிந்தது.
அவன் தன்னுடையதைத்தான் விரித்தான்,
முகத்தைப் பார்க்கவில்லை,
துணிக்கடையில் நிற்கிறவன் மாதிரி
ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான்.
"இது கெட்டி. இதே போதும்.
பிரிண்ட் பக்கம் கீழ வச்சாத்தானே நாள்பட வரும்?"

ஆமாம் என்றேன்.
பன்னிரண்டு பேரையும் சுருட்டிப்
பைக்கில் குறுக்கே வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.
காசுக்குப் பையில் கை விட்டான். வேண்டாம் என்றதும்
எடுத்த கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனான்.

புது வருஷக் காலண்டருக்கும் அதே கோப்புதான்.
திறந்தேன்.
ஓ. எம். ராஜை அழித்துவிட்டு
மொக்கராஜ் என்று அடித்துப் பார்த்தேன்.
இடம் சரியாகத்தான் இருந்தது.

சேமிக்கவா என்று கேட்டது.
இரண்டாம் தவணை, பத்தாம் தேதி.