இருபது முப்பத்திரண்டு

வெள்ளிக்கிழமை. மணி பத்து ஐந்து.
பத்தரைக்குள் பொண்ணும் மாப்பிள்ளையும்
நீடாமங்கலத்தைத் தாண்டியாக வேண்டும் என்று
மாப்பிள்ளையின் பெரியம்மா மூன்றாம் முறை சொல்கிறாள்.
நான் டிரைவர். இந்தக் காருக்கு இன்று ஒருநாள் ஆள்.

விடிந்ததிலிருந்து மண்டபத்து மாடியில் நின்று
அக்கா மகன் அகிலன்
சாவியை அமுக்கி அமுக்கி
ஆளில்லாத காரை உறும வைத்தான்.
"அத்தை வரும்போது உள்ள குளுகுளுன்னு இருக்கணும்."
ஒவ்வொரு உறுமலுக்கும் பிள்ளைகள் கத்தின.
பேய் ஓட்டுற காரு என்றது ஒரு வாண்டு.
எனக்கும் சிரிப்பு வந்தது, தடுக்கவில்லை.

இப்போது நான் அமுக்குகிறேன்.
சாவியின் சிவப்பு விளக்கு
ராத்திரி வாட்ச்மேன் போல
அரைக்கண் திறந்து மூடிக்கொண்டது.

சாவிக்குள் ஒரு சாவி உண்டு.
பக்கவாட்டில் நெருடி இழுத்தால்
இரும்பு நாக்கு ஒன்று வரும்.
சம்பங்கிச் சரத்தை விலக்கித் துவாரம் தேடித் திருகினேன்.
கதவு திறந்தது.
திறந்ததும், ஊரே கேட்க,
கார் என்னைத் திருடன் என்று அலறியது.
தவில்காரர் ஒரு அடி தப்பவிட்டு என்னைப் பார்த்தார்.
பூட்டினேன். அடங்கியது.

செத்த சாவியையும் எழுப்ப வழியுண்டாம், புத்தகத்தில் இருக்கிறதாம்.
புத்தகம் வலங்கைமானில், மாப்பிள்ளை வீட்டு பீரோவில்.

வேண்டியது வட்டச் செல். ரூபாய்க் காசு அகலம்.
இருபது முப்பத்திரண்டு என்று முதுகில் போட்டிருக்கும்.
எதிர்ப் பெட்டிக்கடையில்
கட்டை செல் இருக்கிறது, பென்சில் செல் இருக்கிறது.
கடிகாரக் கடை பசீர்
ஜும்மா முடிந்துதான் திறப்பார்.

"குடுங்க" என்றாள் பொண்ணு.
கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி
சாவியின் இடுக்கில் செருகித் திருப்பினாள்.
டக்கென்று இரண்டானது.
உள்ளே அந்தச் செத்த காசு.
கூட்டம் அதை எட்டிப் பார்த்தது,
காது குத்தும்போது எட்டிப் பார்ப்பதைப் போல.

அப்போதுதான் பொண்ணின் தாய்மாமன் ராமாமிர்தம்
மஞ்சள் பையைத் துழாவிக்கொண்டே வந்தார்.
சர்க்கரை பார்க்கிற மெஷின்.
"காலைல வெறும் வயித்துல நூத்தி எண்பத்தாறு" என்று
யாரும் கேட்காமலே சொல்லி
பின்மூடியைக் கட்டைவிரல் நகத்தால் தள்ளினார்.
அதே வட்டம். அதே எண்.
கையில் விழுந்ததும் ஒரு நொடி பார்த்துக்கொண்டார்.
"எடுத்துக்கம்மா."

கூரைப்புடவை முந்தானையால் துடைத்து
விளிம்பை மட்டும் பிடித்து
கூட்டல் குறி மேலே தெரிய வைத்து அழுத்தினாள்.
நான் அமுக்கினேன்.
பூச்சரம் மொத்தமும் ஒருமுறை நடுங்கியது.
உறுமல். பிள்ளைகள் மறுபடி கத்தின.
மணி பத்து இருபத்தொன்று.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

கூட்ஸ். நெல் மூட்டைதான், வேறென்ன.
நாற்பது பெட்டி வரை எண்ணி விட்டுவிட்டேன்.
மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனார்.
பொண்ணு அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்,
மருதாணி முழுக்கக் காயாத கை.
ஊசி போன இடத்தில்
ஒரு கற்றை முடி பிரிந்து தொங்கியது.
கேட் எத்தனை மணிக்குத் திறந்தது என்று
காரில் யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பசீர் கடையில்
இரண்டு செல் வாங்கினேன். எழுபது ரூபாய்.
ஒன்று சாவிக்கு, இருக்கட்டும் என்று.
மற்றதைக் கொடுக்க மண்டபத்துக்குப் போனால்
கடைசிப் பந்தி.
ராமாமிர்தம் இலையில் பாதி தின்ற ஜாங்கிரி,
பக்கத்தில் தொடாத இன்னொன்று.
"மெஷின் படுத்துருச்சு தம்பி.
இன்னிக்கு எனக்கு அளவே கிடையாது."

புதுச் செல்லை நீட்டினேன்.
அட்டையோடு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
பின்புறப் பொடி எழுத்தை
கையை நீட்டி வைத்துப் படித்தார்.
விழுங்கக் கூடாது.

"இதையுமா" என்றார்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பாயச வாளி வருகிற திசையைப் பார்த்தார்.