கெட்ட நகல்

களியக்காவிளை ஸ்டேஷனுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
காலையில் ரைட்டர் ஒரு கட்டு தந்தார்:
"வாசிக்கப்பிடாது கேட்டியா, ரகசியம்."
கவிழ்த்து வைத்த தாளை
யார் வாசிப்பார்கள்?
பாறசாலைக்கும் ஒரு செட்.
மை மங்கிய பதினோராம் பக்கத்தைக்
கூடையில் எறிந்தேன்.
அதில் தங்கையின் வயது, கதவு எண்,
பத்து இலக்கம்,
டாக்டர் எழுதிய ஒரு வரி.

மத்தியானம் அக்காள் ஜெஸ்லின் வந்தாள்.
மேல்முறையீட்டுக்கு மூன்று நகல்.
"புலன்விசாரணை நிலுவையில் உள்ளதால்
தகவல் வழங்க இயலாது."
மும்முறை அந்த வரிக்கடியில்
வெளிச்சம் போய்வந்தது.

"எங்களுக்கு மட்டும் சொல்லமாட்டாவளாம்."

கூடை காலி.
சாயாக்கடை விஜுகுமார் அள்ளிப்போயிருக்கிறான்,
பழம்பொரி மடிக்க.

காசு வேண்டாமென்றேன்.
அவள் சாலையைக் கடக்கும்வரை
எதிரே நிற்பவர்களின் கையில்
எண்ணெய்த்தாள்களை எண்ணினேன்.