சாவிக்கு அடங்காதது

மூலகொத்தளத்தில் ஜில்லானியின் ஷெட்.
சங்கிலிக் கப்பியில் தொங்குகிறது
என் ஜீப்பின் பெட்ரோல் என்ஜின்,
காசிமேட்டுத் தராசில் வஞ்சிரம் மாதிரி.

மேட்டடோர் வேனிலிருந்து கழற்றிய டீசல் என்ஜின்
கீழே, கோணிமேல், கறுப்பாக.
கியர்பாக்ஸ் வாயோடு அதன் வாய் பொருந்தவில்லை.
நடுவில் ஓர் இரும்புத் தகடு வேண்டும்;
அதைக் கடைந்தெடுக்கவே ஒன்பது நாள்.
ஸ்பிரிங் பட்டா ஒன்று கூடுதலாகச் சேர்த்தும்
மூக்கைத் தாழ்த்தித்தான் நிற்கிறது வண்டி.

"பிளக் எங்கே?" என்றேன்.
"இதுக்கு ஏது பிளக்?
காத்தை அமுக்கு, அமுக்கிக்கினே இரு.
தானா பத்திக்கும்."

கொருக்குப்பேட்டை கேட்.
சரக்கு ரயில், எண்ணி மாளாத பெட்டிகள்.
வழக்கம்போல் சாவியைத் திருப்பி
உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.

நிற்கவில்லை.

ஸ்டியரிங் நடுங்குகிறது, கண்ணாடியில்
எனக்குப் பின்னால் நிற்கும் தெருவே நடுங்குகிறது.
பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்:
"இன்னாண்ணே, கடல்ல எறக்கவா?"

டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பி.
இழுத்தால் அடங்கும்.
ஜில்லானி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

இழுக்கவில்லை.
கழற்றிய பிளக்குகள் நான்கும்
சட்டைப்பையில் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும்
பெட்ரோல் என்றுதான் இருக்கிறது.