எடைக்கல்

கருங்குளத்தில் மழை பக்கவாட்டில்தான் பெய்யும்.
நேற்றும் அப்படித்தான்.
மூன்று பெண்களையும் ஒரு பையனையும்
ஒரே கயிற்றில் கோத்து
மேற்கிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறான் என்று
பன்றிக் கொட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
விற்பவன் எங்கள் பேச்சுக்காரன்.
வாங்குபவர் ஹால்ஸ்டெயின்,
முதலில் என்னையும் வாங்கியவர், பிறகு வீட்டுக்காரர்.
நடுவில் ஒரு வாய் வேண்டும்.

கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

இடது காதின் மேல்நுனி அவனுக்கு இல்லை.
கன்று ஈன்ற சிவப்புப் பசு முட்டிப் பிய்த்தது அது.
ரத்தத்தை என் போர்வையில் துடைத்துவிட்டு
அம்மாவிடம் சொல்லாதே லசார் என்றவன்.
துன்லாங்.
என் அண்ணன்.

அவன் என்னைப் பார்த்தான், பார்க்கவில்லை.
மொழிபெயர்ப்பவளின் முகம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.
வாயைப் பார்ப்பார்கள்,
பிறகு அது யாருக்காகப் பேசுகிறதோ அவரைப் பார்ப்பார்கள்.
பதினோரு வருடம்,
தோளுக்கொன்றாய் ஆமையோடு போல வெண்கல ஊக்கு,
இடுப்பில் ஒரு சாவி.
இவ்வளவு போதும் ஒருத்தி தொலைந்துபோக.

“எங்கே பிடித்தாய்?”
எங்கே பிடித்தாய், என்றேன்.
“ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் மன்னனுக்கு
மாடு கட்டாதவர்கள்.”
மாடு கட்டாதவர்கள், என்றேன்.

கப்பலில் வருகிறவர்கள்தான் ஆள் பிடிப்பார்கள் என்று
சின்ன வயதில் நம்பியிருந்தேன்.
சந்தைக்கு ஒரு சொல்கூட எங்களிடம் இருக்கவில்லை,
இவர்களிடம்தான் வாங்கினோம்.
அண்ணன் அந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொன்னான்.

தராசு வந்தது.
தோல்பையைக் கவிழ்த்து ஈயக் கற்களைக் கொட்டினார்.
அதில் ஒன்றின் தலையில்
நீலமும் மஞ்சளுமாய் எனாமல் துண்டு ஒன்று,
ஒரு துறவியின் பாதி முகம், ஒற்றைக் கண்.
எங்கள் கோயில் வேதப் புத்தகத்தின் அட்டையில் இருந்தவர்.
அவரும் நானும் ஒரே படகில் வந்தோம்.

அண்ணனின் கை நீண்டது. குரல் உடைந்தது.
“இது எங்கள் கோயிலுடையது. இதை எனக்குத் தெரியும்.”
இது எங்கள் கோயிலுடையது,
இதை எனக்குத் தெரியும், என்றேன்.
ஹால்ஸ்டெயின் நிமிர்ந்து
நான் பெயர்க்கிறேனா பேசுகிறேனா என்று பார்த்தார்.

பெண்களில் இளையவளை அதற்கு ஈடாகத் தருகிறேன் என்றான்.
“ஒரு பொட்டுக் கண்ணாடிக்கா?”
சிரிப்பை நான் பெயர்க்கவில்லை.
சரி என்கிறார், என்றேன்.

கத்திமுனையால் நெம்பியதும்
துறவி ஈயத்தைவிட்டுக் கழன்றார்.
அண்ணன் துணியில் சுற்றி, முத்தமிட்டு,
நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதான்.
கயிற்றில் இருந்தவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள்.

மற்ற மூவருக்கும் வெள்ளி.
வெட்டிய வளையல் துண்டுகள் ஒரு தட்டில்,
கற்கள் மறு தட்டில்.
முகம் போன கல்லையும் சேர்த்தே வைத்தார்.
அது இப்போது எடை குறைவு.
ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கண்ணளவு வெள்ளி
அண்ணனுக்குப் போய்ச் சேரவில்லை.
ஹால்ஸ்டெயினுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும்.

“சரியாக இருக்கிறதா?
நீ எங்கள் பக்கத்தவள்தானே, சொல்லு.”
முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

சரியாக இருக்கிறது, என்றேன்.

இளையவள் பெயர் பேவின்.
பன்றிகளின் சூட்டுக்காகச் சுவரோரம் படுத்திருந்தவள்
ராத்திரி கேட்டாள்,
நான் எவ்வளவுக்குப் போனேன்?

எழுந்துபோய் இருட்டில் அந்தக் கல்லைத் தேடி எடுத்து
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
தலையில் ஒரு குழி.
விரலை விட்டுப் பார்த்தாள்.