ஈ சொல்லுங்க

மீன் புதுசா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே,
அப்படிப் பார்க்கிறார் டாக்டர் ஷகிலா,
மூக்கு வழியே விட்ட மெல்லிய குழாயால்.
"ஈ சொல்லுங்க."
காசிமேட்டில் பதினெட்டு வருஷம் ஏலம் கூவியவள் நான்.
ஈயைக் கையால் விரட்டித்தான் பழக்கம்,
வாயால் ஒன்றும் வரவில்லை.
காற்று வந்தது.

திரையில் என் தொண்டை.
ஈரமாய் இரண்டு வெள்ளை மடிப்பு
மட்டி வாய் திறந்து மூடுவதுபோல.
"கீழேருந்து காத்து முட்டும்போது
நொடிக்கு இருநூறு தடவ ஒண்ணோடொண்ணு அடிச்சுக்கும்மா.
அதுதான் சத்தம்.
நாக்கும் உதடும் மூக்கும் அப்புறம்தான் அதச் சொல்லாக்குது."

ஒரு கூடை சங்கரா முடிய அரை நிமிஷம்.
ஆறாயிரம் அடி.
ஒரு கூடைக்கு.

மடிப்பின் ஓரத்தில், எதிரெதிரே,
கல்லுப்பு மாதிரி இரண்டு பரு.
"ஒரு மாசம் பேசக்கூடாது.
குசுகுசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதி."

ஆறு நாளாகிறது.
விரலை நான் காட்ட, தம்பி மகன் எட்டியான் கூவுகிறான்,
ஐநூறிலேயே மூச்சு வாங்கி நிற்கிறான்.
அவன் நிறுத்துகிற இடத்தில்
என் குரல்வளை தானாக மேலேறி
அறுநூறு என்கிறது,
எனக்கு மட்டும்.

நேற்று ராத்திரி தூக்கத்தில்
எழுநூற்றைம்பது வரைக்கும் ஏற்றினேனாம்.
பக்கத்தில் படுத்திருந்தவர் சொல்கிறார்.
காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதிக் கேட்டேன்:
என்ன மீன்?