பாதிக் கூலி

கூரை போய் இருநூறு வருடம்.
பலிபீடம் இருந்த இடத்தில் ஆஷ் மரம்.
பூசை நேரம் பார்க்காமல்
கத்தும் காக்கைகள்.

முள்கம்பியில் ஈர ஆட்டுரோமம்.
வாளியும் பழைய பல் பிரஷ்ஷுமாக
அட்ராக்டா டெவானி மண்டியிட்டு
மலாக்கியின் பெயரைத் தேய்க்கிறாள்.

இரண்டு பேரையும் சேர்த்தே வெட்டினால்
பாதிக் கூலி என்றான் அன்று கல்தச்சன்.
வெட்டச் சொன்னாள்.
அவள் பெயர், பிறந்த ஆண்டு,
ஒரு சின்னக் கோடு.
அதற்கப்பால் வெறும் கல்.

பதினேழு வருட மேயோ மழை.
காலியிடத்தில்
காசளவு மஞ்சள் பாசி
குடிவந்துவிட்டது.

பிரஷ் அங்கே வந்து நிற்கிறது.
"சரி, இரு. இன்னும் நாளிருக்கிறது."

முழங்காலைப் பிடித்து எழுகிறாள்.
அழுக்குத் தண்ணீரை
அடுத்த கல்லின் மேல் கொட்டுகிறாள்:
வரப்புத் தகராறில்
மலாக்கி கடைசிவரை
முகம் பார்க்காத கோனல்.