மூன்று அங்குலம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
விஜின்ராஜின் மீன்கடை.
தொட்டியில் ஐஸ் போத்தல் மிதக்கிறது,
வெளியே சித்திரை வெயில்.

"எல்லாம் நல்ல பிள்ளைகளாக்கும் சிஸ்டர்."

நைட் டூட்டி முடித்து வந்த கண்
தானாகவே பார்க்கத் தொடங்குகிறது:
செவுள் இறகு சிவப்பா, சாம்பலா,
முன்பக்கம் சுருண்டிருக்கிறதா,
வால்நுனி கொக்கியாகிறதா,
தலை அகலத்துக்கு வயிறு இருக்கிறதா.

பெரிய ஆக்ஸலாட்டில் ஒன்று
அழகாக மேலே மிதக்கிறது.
அடியில் இறங்க முடியவில்லை அதற்கு.
வேண்டாம்.

மூலையில் ஒன்றுக்கு இடது முன்கை இல்லை.
"கூடப்பொறந்தது கடிச்சது. முளைச்சிரும்.
பாதி வெல தந்தா போதும்."

புழுவைக் காட்டினேன்.
மூன்று காலில் எழும்பி
இடுக்கியோடு சேர்த்துக் கவ்வியது.

முழு விலையும் கொடுத்தேன்.

குழித்துறை பஸ்ஸில், மடியில் குளிர்ந்த பை.
எட்டாம் இன்குபேட்டர்
இன்னும் உறிஞ்சத் தொடங்கவில்லை.